செண்பகவடிவு வீட்டு முற்றத்தில் சைபீரியா

ஒரு காட்டில், மலையடிவாரத்து ஓடைக்கு மேற்கே, செண்பகவடிவு என்றொரு கரடி தன் கணவன் ஆவுடையப்பனோடு குகைக்குடித்தனம் நடத்திவந்தாள். குகைக்கு முன்னால் நல்ல விசாலமான முற்றம். ஓர் ஓரத்தில் இலவமரம், இன்னோர் ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கறையான் புற்று. காட்டில் வேறு யாருக்கும் அப்படி ஒரு முற்றம் கிடையாது. ஆனால் குடிவந்து ஐந்து வருஷமாகியும் அதை ஒருவரும் மிதித்ததில்லை. ஒரே ஒரு தடவை ஒரு முயல் வழிதவறி வந்தது. வடிவு ஆசை ஆசையாக, "வாங்க, வாங்க" என்று இரண்டு கைகளையும் விரித்தாள். கரடி கையை விரித்தால் முயலுக்கு என்ன தோன்றும்? வந்ததைவிட வேகமாகப் போய்விட்டது.

அந்த வருஷம் காட்டில் ஒரு புது மோகம் பரவியிருந்தது. எங்கேயும் போகாமல், தன் வீட்டு வாசலையே ஏதாவது ஒரு தூரதேசமாக மாற்றி, ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பது. முதலில் ஆரம்பித்தவன் மயில் சிங்காரம். மூங்கில் கழிகளைக் கோபுரமாகக் கட்டி நிறுத்தி, அதன் அடியில் தோகையை விரித்துக்கொண்டு நின்று, "பாரிஸுக்கு நல்வரவு" என்றான். அடுத்த வாரம் குரங்குகள் குட்டையோரம் ஆற்றுமணலைக் கொட்டி, வாழையிலையில் குடை செய்து மாலத்தீவு வைத்தன. காட்டெருமை ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. தான் படுத்துக்கிடக்கும் சேற்றுக்குழிக்குப் பக்கத்தில் ‘வெனிஸ்’ என்று ஒரு பலகையை நட்டது, அவ்வளவுதான். கூட்டம் அலைமோதியது.

எல்லா விருந்துக்கும் வடிவு போனாள். பின்வரிசையில் நின்று கைதட்டினாள். போட்டோ எடுக்கும்போது யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, பக்கத்தில் கூப்பிடவும் இல்லை. அதனால் எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரியும். அது வடிவின் தோள்பட்டை.

ஒருநாள் மாலை ஆவுடையப்பன் புற்றில் வாயை வைத்துக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாமளும் ஒரு விருந்து வச்சா என்ன?"

"வைக்கலாமே" என்றான் அவன் வாயை எடுக்காமலே. "யாரு வருவா?"

அவன் அதை ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை. சாப்பிடுகிற கணவன் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னான். ஆனால் வடிவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. யாரும் வராத வீடு என்று அவன்கூட முடிவு கட்டிவிட்டானா? விடிந்ததும் முதல் வேலையாக வனவாசிகள் நலச்சங்கத்துக்குக் கிளம்பினாள்.

சங்க அலுவலகம் ஒரு மருதமரத்தடி. செயலாளர் நரி சங்கரலிங்கம். எட்டு மணிக்கே பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். வடிவு கடைசியில் போய் நின்றதும், முன்னால் நின்ற முள்ளம்பன்றி நாலடி முன்னே நகர்ந்தது. அதற்கு முன்னால் நின்றவர் ‘ஐயோ’ என்று அலறினார். இப்படியே வரிசை முழுவதும் ஒருமுறை அலறி அடங்கியது. பதினொன்றரைக்கு அவள் முறை வந்தது.

"வாங்க மதினி" என்றான் சங்கரலிங்கம். ஆவுடையப்பனும் அவனும் ஒரே தேன்கூட்டில் கொட்டு வாங்கிய சிநேகிதர்கள். "வெளிப்புற விருந்து அனுமதியா? படிவம் ஏழு. ஆறு பக்கம். முன்னங்காலால மட்டும் எழுதணும்."

வடிவு எழுதினாள். நான்காம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"தம்பி, இதென்ன? ‘விருந்துக்குரிய ஊருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? ஆம் எனில் காரணம் கூறவும்’னு போட்டிருக்கு?"

"அதுவா மதினி, போயிட்டு வந்தவங்க வச்சா சரியா வராது. ‘அங்கே இந்த மாதிரி இல்லையே, இங்கே ஒண்ணு குறையுதே’ன்னு அவங்களே குழப்பிக்குவாங்க. போகாதவங்கதான் நல்லா வைப்பாங்க. நீங்க எங்கேயும் போனதில்லையே?"

"இந்த ஓடையையே தாண்டினதில்லை."

"ரொம்ப நல்லது" என்று சங்கரலிங்கம் அங்கே ஒரு முத்திரை குத்தினான். "இப்ப ஊரைச் சொல்லுங்க. ஒரு ஊரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கொடுப்போம்."

"சிங்கப்பூர்?"

"அணில்கள் எடுத்துட்டாங்க."

"துபாய்?"

"உடும்பு எடுத்துட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை." அவன் ஒரு நீளமான இலையைப் புரட்டினான். "மிச்சம் ரெண்டே ரெண்டு ஊர்தான் இருக்கு. ஒண்ணு சைபீரியா. இன்னொண்ணு கோவில்பட்டி."

வடிவு யோசித்தாள். "கோவில்பட்டின்னா கடலைமிட்டாய் கொடுக்கலாம். வருவாங்க இல்ல?"

"வருவாங்க. சாப்பிடுவாங்க. ஆனா யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க."

"எடுக்காட்டி என்ன?"

"எடுக்காட்டி, நீங்க விருந்து வச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

வடிவு பெருமூச்சு விட்டு ‘சைபீரியா’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, அது எந்தப் பக்கம் என்று கேட்டாள். சங்கரலிங்கம் முன்னங்காலை வடக்கே நீட்டினான். "ஒரே பனி. ஒரே வெள்ளை. மூச்சு விட்டா மூச்சே உறைஞ்சு கீழே விழும். அதுக்கு மேல நமக்குத் தெரிய வேண்டியதில்லை."

வீட்டுக்கு வந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. பங்குனி மாதம் என்பதால் இலவங்காய்கள் வெடிக்கக் காத்திருந்தன. வடிவே மரமேறிக் காய்களைப் பறித்து, உடைத்து, முற்றம் முழுவதும் பஞ்சைப் பரப்பினாள். வெளுத்த வேட்டிகள் நாலைந்தைச் சேர்த்துத் தைத்து, குகைவாசலுக்கு மேலே பனிமலை மாதிரி தொங்கவிட்டாள். பிறகு சுண்ணாம்பு வாளியோடு கறையான் புற்றுக்குப் போனாள்.

ஆவுடையப்பன் குறுக்கே வந்து நின்றான். "வடிவு, அது நம்ம சாப்பாடு."

"ஒருநாள் மட்டும் அது பனிவீடுங்க."

"சுண்ணாம்பு அடிச்சா கறையான் அத்தனையும் வீட்டைக் காலி பண்ணிடும்."

"யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வரணும்னா, யாராவது காலி பண்ணத்தான் வேணும்" என்றாள் வடிவு. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவள் குரல் கம்மியிருந்ததை ஆவுடையப்பன் கவனித்தான். வாளியை வாங்கி, தன் சாப்பாட்டுக்குத் தானே வெள்ளையடித்தான்.

சைபீரியாவில் என்ன சாப்பிடுவார்கள் என்று கைபேசியில் தேடியபோது பீட்ரூட் சூப் என்று வந்தது. கீழே வயல்காட்டுப் பீட்ரூட் இருந்தது. வடிவுக்கு ரசம் வைக்கத்தான் தெரியும். அதில் பீட்ரூட்டைப் போட்டு இறக்கினாள். நிறம் சரியாக வந்தது. பெருங்காயத்தை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. ஆமை மட்டும், போன மாதம் நடந்த பாரிஸ் விருந்துக்கு நன்றி சொல்லியிருந்தது. வடிவு சாயங்காலம்வரை கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் மனம் பொறுக்காமல், வெள்ளையடித்த புற்றைப் படம் எடுத்து, ‘உள்ளே வந்தால் குளிரும்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். பங்குனி வெயிலில் நாக்கு வறண்டு கிடந்த காடு அல்லவா? பத்து நிமிஷத்தில் இருபத்தாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். வடிவு கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஓடைக்காரி ஞாபகம் வந்தது. ஓடைச் சேற்றில் புழு பொறுக்கும் ஓர் உள்ளான் குருவி அது. மண் நிறம், குச்சிக்கால், வால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் வரும், கோடையில் காணாமல் போகும். பக்கத்து ஏரிக்குப் போகிறதாக்கும் என்று வடிவு நினைத்திருந்தாள். அதற்குக் கைபேசி கிடையாது. பக்கத்தில் இருந்துகொண்டு கூப்பிடாவிட்டால் நன்றாக இருக்காதே என்று, கரைக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு நம்ம வீட்டுல சைபீரியா விருந்து. வெள்ளையா ஏதாவது போட்டுட்டு வா."

ஓடைக்காரி வாலாட்டுவதை நிறுத்திவிட்டு, "சைபீரியாவா? நிஜமாவாக்கா?" என்று கேட்டது. அதன் கண் பளபளத்தது. விருந்துக்கே போகாத ஏழைக்குருவி போலிருக்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் அழைப்பில் பனி என்று இருந்ததால் எல்லாரும் வெள்ளைக் கம்பளி சுற்றியிருந்தார்கள். குரங்குகள் மூன்று அடுக்கு. மயில் சிங்காரம் தோகைக்கே உறை போட்டிருந்தான். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டே, "என்னமா குளிருது!" என்றார்கள். வடிவுக்கு உச்சி குளிர்ந்தது.

வாசலில் சங்கரலிங்கம் பட்டியலோடு நின்று, ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்து உள்ளே விட்டான். ஓடைக்காரி வந்தது. மண் நிற உடம்பு, காலில் சேறு.

"நில்லு. வெள்ளை உடுப்பு எங்கே?"

"எனக்கு எதுக்குங்க உடுப்பு? நான் அங்கேருந்துதானே வரேன்."

"எங்கேருந்து?"

"சைபீரியாவுலேருந்து. அங்கேதான் பிறந்தேன்."

பின்னால் நின்ற குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. சங்கரலிங்கம்கூடச் சிரித்துவிட்டான். "நல்லாத்தான் வேஷம் கட்டுற. ஆனா உடுப்போட கட்டணும்."

வடிவு ஓடிவந்தாள். "தம்பி, அது நம்ம பக்கத்து வீடு. விடுங்க" என்று உள்ளே அழைத்துப்போய், ஒரு துண்டுப் பஞ்சை அதன் தலையில் ஒட்டிவிட்டாள்.

ரசம் பரிமாறப்பட்டது. எல்லார் வாயும் சிவந்தது. சிங்காரம் பனிமலைக்கு முன்னால் நின்று, கைபேசியில் காலையில் படித்ததைக் காலமெல்லாம் அறிந்ததுபோல எடுத்துவிட்டான். "சைபீரியாவில் சூரியனே உதிக்காது. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பனி. அங்கே உயிரினம் வாழவே முடியாது."

"இல்லீங்க" என்றது ஓடைக்காரி. பாவம், அது நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. "அங்கே சூரியன் மறையவே மறையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வெளிச்சம்தான். சேறு நல்லாயிருக்கும். கொசு நிறைய. கொசுன்னா அப்படிக் கொசு, வாயைத் திறந்தாலே உள்ளே வந்துரும்."

"பனி?" என்றான் சிங்காரம்.

"நான் பார்த்ததில்லைங்க."

குரங்கு ஒன்று மூன்றாவது கம்பளியைக் கழற்றியது. காட்டெருமை, "அப்ப இந்தப் பஞ்சு எதுக்கு?" என்று கேட்டது.

சிங்காரத்துக்கு உள்ளூர சந்தோஷம். பாரிஸ் விருந்தைவிட இங்கே கூட்டம் அதிகம் என்று வந்ததிலிருந்தே அவனுக்குப் புகைந்துகொண்டிருந்தது. "ஆக, பனி தப்பு. வெள்ளை தப்பு. பனிவீடும் தப்பாத்தான் இருக்கும்" என்று தோகையின் உறையை அவிழ்த்தான். "சேறும் கொசுவும்தான் சைபீரியான்னா, அது எங்க வீட்டுப் பின்னாடியே இருக்கே!"

போட்டோ எடுத்தவர்கள் கைபேசியைத் தாழ்த்தினார்கள். இரண்டு மான்கள் வாசல் பக்கம் பார்த்தன. அந்தப் பார்வை வடிவுக்கு நன்றாகத் தெரியும். முயல் பார்த்த பார்வை.

அவள் ஓடைக்காரியை இலவமரத்துக்குப் பின்னால் அழைத்துப்போனாள். குனிந்து அதன் கால் சேற்றை மோந்து பார்த்தாள். கரடி மூக்குக்குத் தெரியாதது கிடையாது. மேலே ஓடைச் சேறு. நகத்தடியில், எத்தனையோ தண்ணீரில் கழுவியும் போகாத வேறொரு மண். இந்தக் காட்டு மண் அல்ல அது.

"நீ சொன்னது நிஜம்தான் போலிருக்கு."

"பொய் சொல்லத் தெரியாதுக்கா."

வடிவு திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவள் முற்றத்தில் காலடித் தடங்கள்.

"எனக்காக ஒரே ஒரு தடவை, ‘இப்படித்தான் இருக்கும்’னு சொல்லேன்."

"பொய்யாக்கா?"

"பொய் இல்லடி. நீ எப்ப அங்கே இருப்பே?"

"கோடையிலே. குஞ்சு பறக்க ஆரம்பிச்சதும் கிளம்பிடுவேன்."

"நீ கிளம்பி வந்தப்புறம் அங்கே என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

ஓடைக்காரி யோசித்தது. அது அவ்வளவு தூரம் பறந்தும் யோசிக்காத விஷயம். "தெரியாது" என்று ஒப்புக்கொண்டது. "ஆனா தெரியாததை எப்படிக்கா சொல்றது?"

"இங்கே எல்லாரும் தெரியாததைத்தானே சொல்லிட்டிருக்காங்க?"

ஓடைக்காரி மெல்ல நடந்து முற்றத்தின் நடுவுக்குப் போய் நின்றது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். அது வாயைத் திறந்தது. மூடியது. வால் மட்டும் ஆடியது. வடிவு மரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து சாயங்காலக் காற்று இறங்கியது. முற்றத்தில் பரப்பியிருந்த பஞ்சு முழுக்க எழுந்தது. வெள்ளை வெள்ளையாக, கொத்துக் கொத்தாக, மேலும் கீழும் மிதந்தது. ஓடைக்காரி திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தது.

"எங்க ஊர்" என்றது. "ஐயோ, இது எங்க ஊரேதான். காத்தடிச்சா இப்படியேதான் இருக்கும். அச்சு அசல்!" சொல்லிவிட்டுப் பஞ்சுக்கு நடுவே நின்று குழந்தைபோல அழுதது.

"பனிப்புயல்!" என்று கத்தினான் சங்கரலிங்கம்.

முற்றம் அதிர்ந்தது. கழற்றிய கம்பளிகளை எல்லாரும் திரும்பச் சுற்றிக்கொண்டார்கள். பஞ்சு மூக்கில் ஏறி அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். "சைபீரியாவில் இப்படித்தான் ஜலதோஷம் பிடிக்கும்" என்று சிங்காரமே சொன்னான். அவன் முகத்தில் பஞ்சு அப்பி மூக்கு மட்டும் தெரிந்தது. மான்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன. குரங்குக் குட்டி ஒன்று தும்மித் தும்மிக் களைத்து, பக்கத்தில் மெத்தென்று இருந்த எதன்மீதோ சாய்ந்து தூங்கிவிட்டது. அது வடிவின் மடி. வடிவு அசையவே இல்லை. கால் மரத்துப்போனது. ரசம் அடுப்பில் வற்றியது. அப்போதும் அவள் அசையவில்லை.

கடைசியில் ‘சிறந்த சைபீரியர்’ பரிசு. ஒருமனதாகக் கொக்கு கோமதிநாயகத்துக்குக் கிடைத்தது. அவர் வயல்வரப்பைத் தாண்டி எங்கும் போனதில்லை. பிறவியிலேயே வெள்ளை. மேடையேறி, "தாய்நாட்டுக்கு நன்றி" என்றார். ஓடைக்காரிக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ‘நல்ல முயற்சி’ என்று அதில் எழுதியிருந்தது.

எல்லாரும் போன பிறகு வடிவு ஓடைக்கரைக்குப் போனாள்.

"எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொன்னியே. அழுதுகூடக் காட்டினியே. இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்?"

"பொய் இல்லக்கா" என்றது ஓடைக்காரி. "எங்க சதுப்பு நிலத்திலே ஒரு புல் இருக்கு. அதோட தலையிலே இதே மாதிரி வெள்ளைப் பஞ்சு பூக்கும். கோடையிலே காத்தடிச்சா கண்ணுக்கெட்டின வரைக்கும் பஞ்சுதான். என் கூடு அதுக்கு நடுவிலேதான் இருக்கு. நிஜமாவே எங்க ஊர் அப்படித்தான்."

"சரி சரி" என்று வடிவு கண்ணடித்தாள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஓடைக்காரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. வடிவு நம்புவதாக இல்லை. நிஜம் பேசும் ஒரு குருவி தனக்காகப் பொய் சொன்னது என்பதில்தான் அவளுக்குப் பெருமை. சித்திரை பிறந்ததும் அது வடக்கே பறந்துபோயிற்று. அதற்குள் வடிவு வீட்டு முற்றத்துக்கு வாரம் இரண்டு பேராவது வந்துபோகத் தொடங்கியிருந்தார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடைக்காரி திரும்பி வந்தது. சற்றுப் பூசினாற்போல் இருந்தது. கழுத்தில் காய்ந்த பூவில் கட்டிய ஒரு மாலை.

"அதென்னடி?"

"எங்க ஊர்லயும் இந்த மோகம் வந்துருச்சுக்கா. கலைமான் வீட்டுல ‘தென்னாட்டுக் காடு’ன்னு விருந்து வச்சாங்க. கொதிக்கிற மணலைக் கொட்டி, நடுவிலே ஒரு ஒட்டகப் பொம்மை. தண்ணியே தரலை, ஏன்னா உங்க ஊர்ல தண்ணியே கிடையாதாம். எல்லாரும் ஆளுக்கொரு மிளகாயை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க."

"நீ வர்ற காலத்துல இங்கே மழைதானே பெய்யும்!"

"எனக்குத் தெரிஞ்சது அதுதானே? ‘அங்கே ஒரே மழை, சேறு’ன்னு வாயெடுத்தேன். எல்லார் மூஞ்சியும் மாறிடுச்சு. கலைமான் அக்கா பாவம், மூணு நாளா மணல் வறுத்திருக்கு. கொஞ்சம் யோசிச்சேன். அப்புறம் மிளகாயைக் கடிச்சுக்கிட்டு, ‘அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்’னேன். முதல் பரிசு எனக்குத்தான்."

வடிவு சிரித்தாள். "அங்கேயும் பொய் சொல்லிட்டியா?"

"‘அங்கேயும்’ இல்லக்கா" என்றது ஓடைக்காரி, மாலையைச் சரிசெய்தபடி. "அங்கேதான்."

நீதி: ஓர் ஊரைப் பற்றி உறுதியாகப் பேச விரும்புகிறவர், அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தவறிப்போய் அங்கேயே பிறந்துவிட்டவர், வாசலில் வாக்குவாதம் செய்யாமல், வந்தோமா சாப்பிட்டோமா என்று போவது எல்லாருக்கும் நல்லது.